ஜமீனுக்கு விழுந்த சிகரெட் மாலை

பீடி, சிகரெட்டை ஒழிக்கக் கிளம்பிய எங்கள் இயக்கத்துக்கு, பீடி முதலாளிகள் எல்லாரும் மாநாடு கூட்டி யோசித்தாலும் செய்திருக்க முடியாத சேதத்தை ஒற்றை ஆளாகச் செய்து முடித்தவர் ஜமீன். மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்களுக்காக, சில வருஷங்களுக்கு முன்னால் பேரையூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் ஒரு சாயங்காலம் நடந்ததை வரிசை எண் போட்டுத் தருகிறேன்.

1. புகைபிடிப்பதன் தீமைகளை விளக்கி, கிராமத்து இளைஞர்களுக்காக நாடகம் போட்டோம்.

2. இளைஞர்கள் திரளாக வந்தார்கள். நாடகம் அவர்களுக்கு மிகவும் பிடித்துப்போனது.

3. புகைபிடித்தே சாகிற பாத்திரத்தில் நடித்த ஜமீனைக் கௌரவிக்க, பையன்கள் மாலையோடு மேடையேறினார்கள்.

4. மாலை, சிகரெட் பாக்கெட்டுகளால் கட்டப்பட்டிருந்தது. கீழே பீடிக்கட்டில் குஞ்சம். நடுவில் பதக்கமாக ஒரு தீப்பெட்டி.

5. எங்கள் வேலையைப் பார்வையிடச் சென்னையிலிருந்து வந்த மேலதிகாரி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

6. தனக்கு விழுந்த மாலையைக் கழற்றிச் சபையில் யார் பெரியவரோ அவர் கழுத்தில் போடுவது நாடகக்காரர்களின் மரியாதை. ஜமீன் மரியாதை தெரிந்தவர்.

7. போட்டார்.

8. "அதிகாரிக்கு மாலை விழும்போது மறக்காமப் படம் எடுத்துருங்கண்ணே" என்று டிரைவர் சூசையிடம் காலையிலேயே சொல்லி வைத்திருந்தேன். சூசை சொன்ன வேலையைச் செய்யாமல் விடுகிற ஆள் இல்லை. எடுத்தார்.

இனி முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் சுகாதாரப் பிரசார நிலையம் மதுரை கே.கே. நகரில் ஒரு வாடகை வீட்டில் இருந்தது. ஆட்கள் மூன்று பேர்: மிஷன் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற டைரக்டர், வேன் ஓட்டுகிற சூசை, நான். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்து, ஒலி ஒளிக் கருவிகள் மூலம் கிராமத்துக்குச் சேதி கொண்டுபோவது எப்படி என்று தனிப்பயிற்சியும் எடுத்து, சேர்ந்த முதல் வேலை எனக்கு. ஆம்ப்ளிஃபயர், டேப் ரிக்கார்டர், ஸ்லைடு புரொஜக்டர் எல்லாம் என் பொறுப்பு. தோளில் எப்போதும் ஒயர்ச் சுருள் தொங்கியதால் ஜமீன் எனக்கு வைத்த பெயர் "ஒயர் பாப்பா".

ஜமீன் வருவதற்கு முன்னால், பதினைந்து பதினாறு வயசுப் பையன்களுக்கு நாங்கள் ஸ்லைடு காட்டிக்கொண்டிருந்தோம். ஊர்ச் சாவடிச் சுவரில் வெள்ளைத் துணியைக் கட்டி, புகையால் கறுத்துப்போன நுரையீரலைப் பெரிதாக விழவைப்பேன்.

"அக்கா, இது ஆட்டு ஈரலா, மாட்டு ஈரலா?"

"மனுஷ நுரையீரல்."

"நல்லா வறுபட்டிருக்குக்கா."

கூட்டம் முடிந்ததும் அவர்கள் நேராக எங்கள் வேனுக்குப் பின்னால் போய், வேன் மறைவிலேயே பற்றவைப்பார்கள். அந்தக் கிராமங்களில் பெரியவர்கள் கண்ணில் படாமல் பீடி குடிக்க இடம் கிடைப்பது கஷ்டம். அந்த வகையில் எங்கள் வேன் அவர்களுக்கு ஒரு வசதி.

டைரக்டர் ஒரு நாள் சொன்னார். "ஸ்லைடை மூட்டை கட்டும்மா. நாடகம் போடுவோம். மதுரையில இருந்துக்கிட்டு நாடகக்காரருக்கா பஞ்சம்?"

இப்படித்தான் ஜமீன் வந்தார்.

அவருக்குச் சொந்தமாக ஒரு பிடி நிலம் கிடையாது. வில்லாபுரத்தில் ஒற்றை அறையில் குடியிருந்தார். அங்கே பூந்தொட்டி வைக்கக்கூட வீட்டுக்காரர் விடுவதில்லை. திருவிழா நாடகங்களில் கொடுமைக்கார ஜமீன்தார் வேஷம் கட்டிக் கட்டி அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லித் தபால்காரர் விசாரித்தால் தெருவில் எல்லாரும் உதட்டைப் பிதுக்குவார்கள். மேடையை விட்டு இறங்கும்போது வேஷத்தையும் இறக்கி வைக்கவேண்டும் என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை. காய்கறிக் கடை முன்னால் இடுப்பில் கை வைத்து நின்று, "யாரங்கே! கால் கிலோ தக்காளி!" என்பார். கடைக்காரர் தலை நிமிராமல், "பழமா வேணுமா, காயா வேணுமா மகாராசா?" என்பார். தெருக்குழாயில் குடத்தோடு வரிசையில் நின்றால் பெண்கள் விடமாட்டார்கள்.

"என்ன ஜமீனு, அரமனைக் கெணறு வத்திப்போச்சா?"

"வத்தவில்லை. குடிமக்களோடு நின்று பார்ப்போமே என்று வந்தோம்."

"குடிமக்க அவசரமா இருக்கோம். செத்த அங்கிட்டு நகருங்க."

சொத்து என்று சொல்ல அவரிடம் ஒன்றுதான் இருந்தது. குரல். மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குப் போகிற குரல். "கடைசி வரிசை என்னா கடைசி வரிசை? அதுக்கும் அங்கிட்டு, டீக்கடையில டீ ஆத்துறவன் கை அந்தரத்துல நிக்கணும் பாப்பா" என்பார். அந்தக் குரலை அவர் பச்சைப் பிள்ளை மாதிரி வளர்த்தார். காலையில் மிளகும் பனங்கற்கண்டும். மோர் தொடமாட்டார். சித்திரை வெயிலிலும் கழுத்தில் மப்ளர். பங்குனி, சித்திரையில் ஊர் ஊராக நாடகம் ஆடிச் சம்பாதிப்பதை வைத்துத்தான் மிச்ச மாதங்களும் ஓட வேண்டும். குரல் போனால் பிழைப்புப் போச்சு. அதனாலேயே பீடி, சிகரெட்டை அவர் வாழ்நாளில் தொட்டதே இல்லை. இந்த விவரத்தை வாசகர்கள் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நாடகத்தை எழுதியது நான். மாணிக்கம், வயது பதினெட்டு, கூலிக்காரர் மகன். கூட்டாளிகளோடு சேர்ந்து பீடி பழகுகிறான். இருமுகிறான். வேலை போகிறது. சாகிறான். பார்ப்பவர்களுக்கு அவன்மேல் பரிதாபமும் பழக்கத்தின்மேல் வெறுப்பும் வரவேண்டும். பயிற்சியில் அப்படித்தான் சொல்லித் தந்திருந்தார்கள்.

ஜமீன் முழுக்கக் கேட்டுவிட்டுத் தாடையைத் தடவினார்.

"எனக்கு மாணிக்கம்னா வராது பாப்பா. மாணிக்கம் ஒரு ஜமீனா இருந்துட்டுப் போகட்டுமே."

"அண்ணே, அவன் கூலிக்காரர் மகன்."

"சரி. கூலிக்காரன் வீட்ல வளர்ற ஜமீன் வாரிசு. பொறந்தப்பவே மாத்திட்டாய்ங்க."

"வயசு பதினெட்டுண்ணே."

"மேக்கப்பு எதுக்கு இருக்கு?"

டைரக்டர் விழுந்து விழுந்து சிரித்து, சம்மதமும் கொடுத்துவிட்டார். மாணிக்கம் நீல வெல்வெட் கோட்டும் முழங்கால் வரை பூட்ஸும் போட்டுக்கொண்டு கூலி வேலைக்குக் கிளம்பினான்.

அடுத்த வம்பு சிகரெட். ஜமீன் பற்றவைக்காத சிகரெட்டை விரலில் பிடித்துக்கொண்டு வெறும் காற்றை ஊதினார். டைரக்டருக்குத் திருப்தி இல்லை. "பொய்ப் புகையப் பசங்க நம்பமாட்டாங்கப்பா. ஒரே ஒரு இழுப்பு, ஊதிடு."

ஜமீன் இரண்டு கையாலும் தொண்டையைப் பொத்திக்கொண்டார். "ஐயா, நான் வில்லன் வேஷம் கட்டுறவன். வில்லன் இல்ல."

ரொம்ப வற்புறுத்திய பிறகு பற்றவைத்தார். சாமிக்கு ஊதுபத்தி காட்டுகிற மாதிரி பிடித்துக்கொண்டு இழுத்தார். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வந்தது. படியில் உட்கார்ந்திருந்த சூசை, பாவம், சிரித்துவிட்டார்.

அதுதான் வினை. ஜமீன் நடிப்பைப் பார்த்து ஒருவர் சிரித்துவிட்டார், அதுவும் சிரிக்கக்கூடாத இடத்தில். மறுநாளிலிருந்து அலுவலகக் கொல்லைப்புறத்தில் சாதகம் தொடங்கியது. பாட்டுக்காரர்கள் விடிகாலையில் தொண்டையைப் பழக்குவார்களே, அதே சிரத்தையோடு இவர் புகை பழகினார். ஒரு வாரத்தில் வளையம் வந்தது. அடுத்த வாரம் பெரிய வளையத்துக்குள் சின்ன வளையம் புகுந்து வெளியே வந்தது. கொய்யா மரத்து அணில்கள் அடுத்த வீட்டுக்குக் குடிபோயின.

"அண்ணே, கெட்ட பழக்கத்த இம்புட்டு அழகாச் செய்யக்கூடாது" என்றேன்.

"அசிங்கமா நடிக்கச் சொல்றியா? தொழிலு பாப்பா. அதுல மட்டும் கை வைக்காத."

நாடகம் கிளம்பியது. மாணிக்கம் நாற்காலிமேல் ஒரு காலைத் தூக்கி வைப்பான். பூட்ஸ் அடியில் தீக்குச்சியை ஒரே உரசு. பற்றும். புகை வளையம் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் மிதந்து போகும். அப்புறம் அந்தச் சிரிப்பு. மூன்று கட்டச் சிரிப்பு அது: முதல் கட்டம் தொண்டையில், இரண்டாவது நெஞ்சில், மூன்றாவதில் கூரைத் தகரம் அதிரும். "என்னைத் தடுக்க எவனடா இருக்கிறான்?" என்பான். பையன்கள் விசிலடிப்பார்கள். நாடகத்தில் அவனைத் தடுக்க வேண்டிய டாக்டர் வேஷம் டைரக்டருக்கு. அவர் குரல் எனக்கே கேட்காது.

கடைசிக் காட்சியில் இருமிச் சாக வேண்டும். ஜமீன்தார் இருமுவதா? பட்டுக் கைக்குட்டையை வாயில் ஒற்றி, சங்கீத வித்வான் கச்சேரிக்கு முன்னால் கனைக்கிற மாதிரி ஒரே ஒரு கனைப்பு. அப்புறம் சாவு. அதற்குக் கையை நீட்டி, முழங்காலில் விழுந்து, எழுந்து, தூணைப் பிடித்து, வானத்தைப் பார்த்து, கோட்டு கசங்காமல் படுப்பார்.

"ஒன்ஸ்மோர்!" என்று கூட்டம் கத்தும்.

ஒன்ஸ்மோர் கேட்டால் செய்தே ஆகவேண்டும் என்பது ஜமீனின் தொழில் தர்மம். எழுந்து தூசியைத் தட்டி, புதிதாக ஒன்றைப் பற்றவைத்து, மறுபடி செத்தார். திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஓர் ஊரில் அவர் எத்தனை முறை செத்தார் என்று எண்ணுவதை நான் பாதியில் நிறுத்திவிட்டேன். புகை உயிரைக் குடிக்கும் என்பது நாங்கள் கொண்டுபோன சேதி. எத்தனை முறை செத்தாலும் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தால் எழுந்துவிடலாம் என்பது பையன்களுக்குப் போய்ச் சேர்ந்த சேதி.

நாடகம் முடிந்ததும் பார்த்தவர்களிடம் கேள்வி கேட்டுப் பலனை அறிய வேண்டும் என்பதும் பயிற்சியில் சொல்லித் தந்ததுதான்.

"நாடகத்துல இருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டீங்க?"

"தீக்குச்சிய பூட்ஸுல ஒரசணும்க்கா."

"எங்கள்ல ஒருத்தன்கிட்டயும் பூட்ஸு இல்லக்கா. அதான் யோசனையா இருக்கு."

ஓர் ஊரில் ஒரு பையனின் அம்மா வேனை மறித்துக்கொண்டு நின்றார். "ஏந்தாயி, எம் மகன் கம்மாக்கரைக்குப் பின்னாடி ஒளிஞ்சு பீடி குடிச்சுக்கிட்டிருந்தான். இப்ப வாசல்ல நின்னு வளையம் விடுறான். என்னத்தச் சொல்லிக்குடுக்க வந்தீக நீங்க?"

ஜமீன் வேனுக்குள்ளிருந்து தலையை நீட்டினார். "வளையம் முழுசா வருதா? உடையுதா?"

ஆளை மாற்றிவிடலாம் என்று டைரக்டரிடம் பலமுறை சொன்னேன். "கூட்டம் வருதேம்மா" என்பதே ஒவ்வொரு முறையும் பதில். கூட்டம் வருகிற சேதி சென்னைக்கும் போனது. அதனால்தான் மேலதிகாரி வந்தார். அதனால்தான் அந்த மாலை அவர் கழுத்தில் விழுந்தது.

அந்த மாலையைக் கட்டியவன் செல்லப்பாண்டி. பதினேழு வயசு. பக்கத்து ஊர்களிலேயே நாடகத்தைப் பார்த்துவிட்டவன். ஜமீன் மாதிரியே முடியைத் தூக்கி வாரியிருந்தான். என் மைக்கில், என் ஆம்ப்ளிஃபயரில் அவன் அறிவித்தான்: "நம்ம ஊர் இளைஞர்கள் சார்பா, அண்ணன் ஜமீன்தாரோட நடிப்பப் பாராட்டி, எங்க சக்திக்கு ஏத்த அன்பளிப்பு! பூமாலைன்னா வாடிப்போகும்ணே. இதுன்னா உங்களுக்கு உபயோகப்படும்!" மைக்கை அணைத்தேன். அவனுக்கு மைக் தேவைப்படவில்லை.

சென்னை அதிகாரி மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். நிதானமானவர். காரில் ஏறிய பிறகு டைரக்டரிடம் சொன்னார்: "இதே ஊர்ல மறுபடி போடுங்க. ஒழுங்காப் போடுங்க. முடியாதுன்னா வேனத் திருப்பி அனுப்பிடுங்க."

திரும்பும்போது ஜமீன் பின்சீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். "மாலைய நானே வச்சுக்கிட்டா மரியாதையா? நீயே சொல்லு பாப்பா." மாலை அவர் மடியில்தான் இருந்தது. நாற்காலியிலிருந்து எடுத்து வந்திருந்தார். அதிலிருந்து ஒரு பாக்கெட்டை உருவி, ஒன்றைப் பற்றவைத்தார்.

"நாடகந்தான் முடிஞ்சிருச்சேண்ணே. இப்ப எதுக்கு?"

"ஒத்திகை."

"எதுக்கு ஒத்திகை?"

"மறுபடி போடச் சொல்லிட்டாகல்ல?"

அன்றுதான் எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு கவனித்தேன். காலை டீயோடு ஒரு ஒத்திகை. சாப்பிட்டதும் ஒரு ஒத்திகை. பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒத்திகை, பஸ் வந்தால் அது போகட்டும் என்று இன்னொரு ஒத்திகை. கிராமத்து இளைஞர்களின் புகைப்பழக்கத்தை மாற்றப் புறப்பட்ட எங்கள் நிலையத்தால், ஐயத்துக்கு இடமில்லாமல் பழக்கம் மாறிய ஒரே நபர் ஜமீன். வாழ்நாளில் தொடாதவர், எங்கள் நாடகத்தால் கற்றுக்கொண்டார்.

குரல் கரகரக்கத் தொடங்கியது. "யாரங்கே!" என்றபோது தக்காளிக் கடைக்காரர் முதல்முறையாகத் தலை நிமிர்ந்து பார்த்தாராம். "என்ன மகாராசா, சளி புடிச்சிருக்கா?"

நான் முறையாகவே முயன்றேன். தீப்பெட்டியை ஒளித்து வைத்தேன். சூசையிடம் வாங்கிக்கொண்டார். புளிப்பு மிட்டாய் கொடுத்தேன். அதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு புகைத்தார். பழைய நுரையீரல் ஸ்லைடை எடுத்து அவருக்கு மட்டும் தனியாகப் போட்டுக் காட்டினேன். "லைட்டிங் சரியில்ல பாப்பா" என்றார். கடைசியாக, முதல் ஒத்திகையில் பதிவு செய்த சிரிப்பையும் அன்றைய சிரிப்பையும் டேப்பில் அடுத்தடுத்துப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"ரெண்டாவதுல டேப்பு இழுக்குது. மிஷினுக்கு எண்ணெ போடு."

அந்த மாசியில், திருவிழா நாடகங்களுக்கு ஆள் பேசுகிற ஏஜெண்ட் அவரைத் தேடிக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கே வந்தார். காப்பி கொடுத்தோம். பங்குனிக்கு எந்தெந்த ஊர் என்று பேச்சு நடந்தது. எழுந்திருக்கும்போது ஏஜெண்ட், "அண்ணே, அந்தச் சிரிப்ப ஒருக்காக் கேட்டுட்டுப் போறேனே. கேட்டு வருசமாச்சு" என்றார்.

ஜமீன் மப்ளரைக் கழற்றினார். முதல் கட்டம் வந்தது. இரண்டாவது கட்டத்தில் ஏதோ பிசிறடித்தது. மூன்றாவது வரவே இல்லை.

ஏஜெண்ட் தரையைப் பார்த்தார். "சரிண்ணே. சொல்லி அனுப்புறேன்."

வாசலில் ஏஜெண்டின் மொபெட் தெருக்கோடி திரும்பும் வரை ஜமீன் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பாக்கெட்டை எடுத்தார். ஒன்றைப் பற்றவைத்தார். அன்றைக்கு ஒத்திகை என்று சொல்லவில்லை. 

மறுபடி அதே ஊர். விளக்கு வைக்கிற நேரத்துக்கு மைதானம் நிறைந்துவிட்டது. வருவதாகச் சொன்ன சென்னை அதிகாரி வரவில்லை, வீட்டில் கல்யாணமாம். செல்லப்பாண்டியும் கூட்டாளிகளும் முன்வரிசை. மேடைக்கு மேலே மைக்கைத் தொங்கவிட்டேன்.

"மைக்கு எதுக்கு? கழட்டு" என்றார் ஜமீன்.

"இருந்துட்டுப் போகட்டும்ணே."

"எங் குரலுக்கு மைக்கா?"

"காத்து அடிக்குதுண்ணே. அதுக்குத்தான்." காற்று அடிக்கவில்லை. அவர் மீசையை ஒட்டிக்கொள்ளப் போனார்.

நாற்காலிமேல் கால். பூட்ஸில் உரசல். வளையம். விசில். அப்புறம் சிரிப்பு. முதல் கட்டம் முடிந்து இரண்டாவது கட்டத்தில் இருமல் வந்தது.

கூட்டம் கை தட்டியது. ஜமீன் புதிதாக ஏதோ சேர்த்திருக்கிறார் என்று நினைத்தார்கள். "ஒன்ஸ்மோர்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஜமீன் கையை உயர்த்தி வசனத்தைத் தொடங்கினார். "என்னைத் தடுக்க..." அதற்குமேல் இருமல் விடவில்லை. நாற்காலிக் கையைப் பிடித்தார். குனிந்தார். ஒட்டுமீசை ஒரு பக்கம் பிரிந்து தொங்கியது. இன்னொரு கை பட்டுக் கைக்குட்டையைத் தேடிக் கோட்டுப் பைக்குள் போய், அங்கேயே நின்றது.

நான் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் இருந்தேன். இருமலுக்கு நடுவே அவர் மூச்சை இழுக்கிற சத்தம் ஸ்பீக்கர் பெட்டியில் கேட்டது. ஓட்டை விழுந்த துருத்தி மாதிரி. நான் பெற்ற பயிற்சிப்படி, சத்தத்தைக் கூட்ட வேண்டிய இடம் அது. எத்தனை ஸ்லைடாலும் சொல்ல முடியாததை அந்தச் சத்தம் சொல்லிக்கொண்டிருந்தது. நான் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டேன்.

பிரயோஜனம் இல்லை. அவர் பெருமையாகச் சொல்வாரே, அதே மாதிரி, மைக் இல்லாமலே அந்த இருமல் கடைசி வரிசை வரைக்கும் போனது. அதற்கும் அந்தப் பக்கம், டீக்கடையில் டீ ஆற்றுகிறவர் கை அந்தரத்தில் நின்றுவிட்டதாகச் சூசை பிற்பாடு சொன்னார்.

விசில் நின்றது. முன்வரிசையில் செல்லப்பாண்டி எழுந்தான்.

"அண்ணே" என்றான். "ஒன்ஸ்மோர் வேணாம்ணே."

யாரும் சிரிக்கவில்லை. யார் வீட்டிலிருந்தோ ஒரு செம்பில் தண்ணீர் வந்தது. செல்லப்பாண்டியே வாங்கிக்கொண்டு மேடையேறினான். விரலிடுக்கில் எரிந்துகொண்டிருந்த சிகரெட்டை அவர் கையிலிருந்து எடுத்துக் காலடியில் போட்டுத் தேய்த்தான். செருப்பில்லாத காலால், சுட்டிருக்கும். ஜமீன் குடித்தார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொங்கிய மீசையை அழுத்தி ஒட்டிக்கொண்டு, காற்று மாதிரிக் கேட்ட குரலில் சொன்னார்:

"யாரங்கே... இன்னும் கொஞ்சம் தண்ணி."

அப்போதுதான் கூட்டத்துக்கு மூச்சே வந்தது. சிரித்தார்கள். கை தட்டினார்கள். டைரக்டர் டாக்டர் வேஷத்தில் வந்து, எழுதி வைத்த வசனத்தை விட்டுவிட்டு, "இன்னிக்கு இம்புட்டுத்தான்ப்பா, வீட்டுக்குப் போங்க" என்றார். அதுதான் எனக்குக் கேட்ட அவருடைய முதல் வசனம்.

திரும்பும் வழியில், கல்லுப்பட்டி தாண்டிய பிறகு பின்சீட்டிலிருந்து குரல் வந்தது.

"எப்பிடி இருந்துச்சு பாப்பா?"

"எதுண்ணே?"

"இருமல் சீனு. ரொம்ப நாளா மனசுலயே வச்சிருந்தேன். இன்னிக்குத்தான் எடுத்து விட்டேன். பய பூராம் நெசமுன்னு நம்பிட்டாய்ங்கல்ல?"

சூசை கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் சாலையைப் பார்த்தேன்.

"பிரமாதம்ணே" என்றேன்.

"ம்." அந்தச் சிகரெட் மாலையில் மிச்சமிருந்த கடைசி பாக்கெட்டை முன்சீட்டுக்கு நீட்டினார். "இந்தா சூசை, தூக்கிப் போடு. வேஷத்த இதுக்கு மேல ஒசத்த முடியாது. இனிமே ஒத்திகை எதுக்கு?"

இப்போதைய நிலவரம் இது. நடந்ததை நேரில் பார்க்காத அதிகாரி வேனை வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார். சூசை அதோடு போனார். நான் அதே கே.கே. நகரில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே மிஷின்களைப் பார்த்துக்கொள்கிறேன். அந்த ஊர்ப் பையன்கள் எல்லாரும் பீடியை விட்டுவிட்டார்கள் என்று சொன்னால் பொய். செல்லப்பாண்டியைப் போன மாதம் பேரையூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். "விட்டுட்டேன்க்கா" என்றவன், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அநேகமா" என்று சேர்த்துக்கொண்டான்.

ஜமீன் அன்றிலிருந்து தொடவில்லை. குரல் பெரும்பாலும் திரும்பிவிட்டது. சிரிப்பின் மூன்றாவது கட்டம் மட்டும் வரவில்லை. அடுத்த வருஷம் ஏஜெண்ட் சொல்லி அனுப்பினார், ஜமீன்தாரின் அப்பா வேஷத்துக்கு. இரண்டு நாள் யோசித்துவிட்டு, "பதவி உயர்வுதான பாப்பா?" என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போய் நடித்தார். வில்லாபுரத்தில் இப்போது அவர் பெயர் பெரிய ஜமீன். அந்த இருமல் சீனைப் பற்றித் தெருக்குழாய் வரிசையில் இன்றும் விவரித்துக்கொண்டிருக்கிறார். அப்படி நடிக்க நாலு ஜில்லாவில் ஆள் கிடையாது என்கிறார்.

இந்தப் பத்திரிகையை டீக்கடையில் யாரையாவது உரக்கப் படிக்கச் சொல்லி அவர் கேட்பார். ஆகவே பதிவுக்காக எழுதுகிறேன்: அன்று சாயங்காலம் மேடையில் அவர் இருமியது நடிப்பு. நான் பக்கத்தில் இருந்தேன், எனக்குத் தெரியும்.